பழைய டிராக்டருக்கு எந்த ஆயில்? கியரும் லிஃப்டும் ஒரே ஆயிலில் ஓடும் வண்டிகளுக்கு ஒரு வழிகாட்டி

பழைய மாஸி பெர்குசனோ ஃபோர்டோ கைமாறி வாங்கியவர் முதலில் செய்ய நினைப்பது எல்லா ஆயிலையும் மாற்றிவிடுவதுதான். நல்ல யோசனை. இன்ஜின் ஆயிலில் பெரிய குழப்பம் வராது. யாரைக் கேட்டாலும் ஏறக்குறைய ஒரே பதில் கிடைக்கும். பின்பக்கத்துக்கு வரும்போதுதான் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். கடைக்காரர் "தொண்ணூறா, நூத்தி நாப்பதா?" என்று கேட்பார். பட்டறையில் "பழைய வண்டிதானே, எதை ஊத்தினாலும் ஓடும்" என்பார்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் அறுபத்தெட்டு ஹைட்ராலிக் ஆயில் போட்டால் லிஃப்ட் சும்மா பறக்கும் என்பார். அவரவர் வண்டிக்கு அவரவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். உங்கள் வண்டிக்கு எது சரி என்பது, அந்த ஆயில் உள்ளே போய் எந்தெந்தப் பாகத்துக்கெல்லாம் வேலை செய்ய வேண்டும் என்பதைப் பொறுத்தது.

அதனால் கடைக்குப் போகும் முன் வண்டிக்கு அடியில் ஒருமுறை குனிந்து பார்த்துவிடுவோம்.

முதலில்: ஆயில் ஒரே தொட்டியா, தனித்தனியா?

ஹாரி பெர்குசனின் டி.இ.20 டிராக்டர் 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரானது. சிறிய சாம்பல் நிற வண்டி. அதன் ஹைட்ராலிக் பம்ப் வெளியே எங்கும் தெரியாது. கியர்பாக்ஸுக்கும் கிரவுனுக்கும் (பின் ஆக்ஸிலைச் சுற்றும் பெரிய பல்சக்கரம்) நடுவிலுள்ள கூட்டுக்குள், ஆயிலில் மூழ்கியபடி உட்கார்ந்திருக்கும். அதைச் சுற்றுவது பி.டி.ஓ. தண்டு, அதாவது பின்னால் மாட்டும் கருவிகளுக்கு இன்ஜின் சக்தியைக் கொண்டுபோகும் தண்டு. கியரை நனைக்கும் அதே ஆயிலைத்தான் பம்ப் உறிஞ்சி லிஃப்ட் சிலிண்டருக்கு அனுப்புகிறது. கியர்பாக்ஸ், நடுக்கூடு, கிரவுன் மூன்றுக்கும் ஆயில் பொது.

1956-ல் வந்த எஃப்.இ.35, அதன் வழியில் வந்த மாஸி பெர்குசன் 35, 135 எல்லாவற்றிலும் இந்த ஏற்பாடு தொடர்ந்தது. சென்னையில் 1960-ல் தொடங்கப்பட்ட டாஃபே, மாஸி பெர்குசன் வண்டிகளை இங்கேயே தயாரித்ததால் தமிழ்நாட்டில் இந்தக் குடும்பத்து வண்டிகள் ஏராளம். டாஃபேயின் பழைய 1035-ஐ வைத்திருப்பவர் உண்மையில் பெர்குசனின் அந்தப் பழைய யோசனையைத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

ஃபோர்டு வேறு மாதிரி. 1965-ல் வந்த ஃபோர்டு 3000 வகையிலும் பிறகு வந்த 3600-லும் கியர்பாக்ஸுக்குத் தனி ஆயில். கிரவுனும் ஹைட்ராலிக்கும் சேர்ந்து இன்னொரு ஆயில். எஸ்கார்ட்ஸ் கூட்டில் இந்தியாவில் தயாரான ஃபோர்டுகளும் இந்த வழியில் வந்தவையே. இன்னும் சில கம்பெனிகளின் பழைய வண்டிகளில் பம்ப் இன்ஜின் பக்கம் வெளியே மாட்டியிருக்கும், லிஃப்டுக்கென்று தனித் தொட்டியே இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்கப் புதியவர் வழக்கமாக அடியிலுள்ள டிரெயின் பிளக்குகளை எண்ணுவார். அது ஏமாற்றிவிடும். பெர்குசன் வகையில் அடியில் ஒன்றுக்கு மேற்பட்ட பிளக் இருக்கும், ஆயில் ஒன்றுதான். தரை ஒரே மட்டமாக இல்லாததால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு பிளக் வைத்திருக்கிறார்கள். எண்ண வேண்டியது டிப் ஸ்டிக்கையும், ஆயில் மட்டம் பார்க்கத் திறக்கும் லெவல் பிளக்கையும்தான். பின்பக்கம் முழுவதற்கும் ஒரே டிப் ஸ்டிக் என்றால் பெரும்பாலும் பொது ஆயில். கியர்பாக்ஸின் பக்கவாட்டில் தனி லெவல் பிளக்கும், கிரவுன் பக்கம் தனி டிப் ஸ்டிக்கும் இருந்தால் இரண்டு ஆயில். சந்தேகமாக இருந்தால் வண்டியின் தகட்டிலுள்ள மாடலையும் சீரியல் நம்பரையும் குறித்துக்கொண்டு அந்த மாடலின் கையேட்டைத் தேடுங்கள். மாஸி, ஃபோர்டு வகைகளுக்குப் பழைய கையேடுகளின் நகல்கள் இன்றும் கிடைக்கின்றன. முந்தைய உரிமையாளர் வாய்மொழியாகச் சொன்னதைவிட அந்த ஒரு பக்கம் மேல்.

அப்புறம்: பிரேக் எங்கே இருக்கிறது?

ஆயில் கேள்விக்கும் பிரேக்குக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். சம்பந்தம் உண்டு. மாஸி 35, 135 போன்றவற்றில் பிரேக், பின்சக்கரத்தின் ஓரத்தில் டிரம்மாக, ஆயில் படாமல் தனியாக இருக்கிறது. இது உலர் பிரேக். பிற்கால வண்டிகளில் பிரேக் தட்டுகள் பின் ஆக்ஸிலுக்குள்ளேயே ஆயிலில் மூழ்கியிருக்கும். அந்த வண்டியில் ஆயில்தான் பிரேக்கின் பிடிப்பையும் தீர்மானிக்கிறது. வெறும் கியர் ஆயிலை ஊற்றினால் தட்டுகள் விட்டுவிட்டுப் பிடிக்கும், மிதிக்கும்போது கிர்ரென்று சத்தம் வரும், நாளாவட்டத்தில் தட்டுகளே கெட்டுப்போகும்.

ஆயில் பிரேக் வண்டி என்றால் உங்கள் தேடல் இங்கேயே முடிந்தது: கடையில் "வெட் பிரேக் ஆயில்" என்று விற்கும் யு.டி.டி.ஓ. வகை தவிர வேறு எதையும் ஊற்றாதீர்கள். உலர் பிரேக் வண்டிக்காரருக்குத்தான் தேர்வு செய்யும் சுதந்திரமும், அதனால் வரும் குழப்பமும்.

டப்பாவின் மேல் எழுதியிருக்கும் எண்கள்

இங்கேதான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். காரணம், எஸ்.ஏ.இ. என்ற வாகனப் பொறியாளர் அமைப்பு இன்ஜின் ஆயிலுக்கு ஓர் அளவுகோலும் கியர் ஆயிலுக்கு வேறோர் அளவுகோலும் வைத்திருக்கிறது. எண் பெரியது என்பதால் கியர் ஆயில் 90, இன்ஜின் ஆயில் 40-ஐவிட இரண்டு மடங்கு தடிமன் என்று நினைத்துவிடக் கூடாது. கியர் 90 ஆயிலும் இன்ஜின் 40, 50 ஆயில்களும் ஏறக்குறைய ஒரே தடிமன்தான். நூறு டிகிரி சூட்டில் அளந்தால் இன்றைய கணக்கில் கியர் 90 என்பது 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக் (தடிமனை அளக்கும் அலகு) வரை. இன்ஜின் 40 என்பது 12.5 முதல் 16.3 வரை. கியர் 140 மட்டும் உண்மையாகவே வேறு ஜாதி: 24-க்கு மேல்.

மூன்றாவது அளவுகோல் ஐ.எஸ்.ஓ. என்ற உலகத் தர அமைப்புடையது. ஹைட்ராலிக் ஆயில் டப்பாவில் 46, 68, 100 என்று இருக்கும் எண்கள் நாற்பது டிகிரி சூட்டில் அளந்த சென்டிஸ்டோக். நாற்பதில் 68 ஆக இருக்கும் சாதாரண ஹைட்ராலிக் ஆயில் நூறு டிகிரிக்குப் போனால் எட்டு, ஒன்பதுக்கு இறங்கிவிடும். அதாவது பக்கத்துத் தோட்டத்துக்காரரின் அறுபத்தெட்டு, கடைக்காரரின் தொண்ணூறில் பாதித் தடிமன்தான்.

80டபிள்யூ-90 என்று எழுதியிருந்தால், குளிரில் 80 போலத் தடையில்லாமல் நகரும், சூட்டில் 90-ன் தடிமனைக் காக்கும் என்று பொருள். யு.டி.டி.ஓ. வகைகள் பெரும்பாலும் 10டபிள்யூ-30 என்று இன்ஜின் அளவுகோலிலோ, 80டபிள்யூ என்று கியர் அளவுகோலிலோ எழுதப்பட்டிருக்கும். தடிமனில் இவை ஹைட்ராலிக் 68-க்கும் கியர் 90-க்கும் இடையில் விழும்.

இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ அச்சான கையேட்டில் குளிர்காலத்துக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று என்று இரண்டு கிரேடு கொடுத்திருப்பார்கள். நமக்குக் கோடை வரிசை போதும். அவர்களுடைய குளிர்காலம் உறைபனி; நம் மார்கழி அவர்களுக்குக் கோடை.

ஜி.எல்-4, ஜி.எல்-5: பெரிய எண் உயர்ந்ததா?

ஏ.பி.ஐ. என்ற அமெரிக்க அமைப்பு கியர் ஆயிலில் எவ்வளவு அழுத்தம் தாங்கும் மருந்து கலந்திருக்கிறது என்பதை வைத்து வகை பிரித்திருக்கிறது. ஜி.எல்-1 என்பது மருந்து இல்லாத வெறும் தாது ஆயில். ஜி.எல்-4-ல் அளவான மருந்து. ஜி.எல்-5-ல் ஏறக்குறைய அதன் இரண்டு மடங்கு. இந்த மருந்து கந்தகமும் பாஸ்பரஸும் சேர்ந்தது. கியர் ஆயிலுக்கே உரிய அந்தக் காட்டமான வாடை கந்தகத்தால் வருவது.

ஜி.எல்-5 உருவானது ஹைப்பாய்டு கிரவுனுக்காக. லாரி, கார்களின் பின் ஆக்ஸிலில், கிரவுனைச் சுற்றும் சிறு பல்சக்கரமான பினியன் மையம் தப்பி, கிரவுனின் பல்லோடு வழுக்கியபடி சுற்றும். அந்த வழுக்கலைத் தாங்க அவ்வளவு மருந்து வேண்டும். டி.இ.20, மாஸி 35, 135 வண்டிகளின் கிரவுன் ஸ்பைரல் பெவல், அதாவது பினியன் மையம் தப்பாத வகை. அதில் அந்த வழுக்கல் இல்லை. எனவே ஜி.எல்-5-ன் கூடுதல் மருந்தால் இந்த வண்டிக்குப் புதிதாக ஒரு லாபமும் கிடையாது. நஷ்டம் வர வாய்ப்பு உண்டு: கந்தக மருந்து சூட்டில் வெண்கலம், பித்தளை போன்ற மஞ்சள் உலோகங்களை அரிக்கக் கூடியது. பழைய வண்டிகளில் புஷ், த்ரஸ்ட் வாஷர் என்று அங்கங்கே வெண்கலம் இருக்கிறது.

இதை வைத்துப் பயமுறுத்துகிறவர்களும் உண்டு. ஜி.எல்-5 ஊற்றிய மறுநாளே வெண்கலம் கரைந்துவிடாது. இன்றைய நல்ல ஜி.எல்-5 ஆயில்களில் இந்த அரிப்பைக் குறைக்கும் ஏற்பாடும் இருக்கிறது. அரிப்பு தீவிரமாவது நூறு டிகிரியைத் தாண்டிய சூட்டில். மெதுவாக உழும் டிராக்டரின் பின்பக்கம் அவ்வளவு சூடாவது அரிது. ஏற்கெனவே ஜி.எல்-5 ஊற்றிவிட்டவர் அடுத்த முறை மாற்றிக்கொண்டால் போதும். புதிதாக வாங்குகிறவர் ஜி.எல்-4 கேட்டு வாங்குவதே சரி. கடையில் "இது அதைவிட ஒசத்தி" என்று ஜி.எல்-5-ஐ நீட்டினாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் ஒரே டப்பா

யு.டி.டி.ஓ. என்பது கியர், ஹைட்ராலிக், ஆயில் பிரேக் மூன்றுக்குமான பொது ஆயில். எஸ்.டி.ஓ.யு. என்பது இன்னும் ஒரு படி போய் இன்ஜினுக்கும் ஆகும் என்று சொல்வது. பல வண்டிகள் வைத்திருப்பவருக்கு எஸ்.டி.ஓ.யு. வசதி. ஒரே ஒரு பழைய வண்டி வைத்திருப்பவர் அதைத் தேடி அலைய வேண்டியதில்லை.

யு.டி.டி.ஓ. டப்பாவின் முன்பக்கம் எழுதியிருப்பது விளம்பரம். பின்பக்கத்தைப் படியுங்கள். மாஸி பெர்குசனின் எம்-1135, அதன் பின் வந்த எம்-1141, எம்-1143, எம்-1145, ஃபோர்டின் எம்2சி134-டி, ஜான் டியரின் ஜே20சி, ஜே20டி. இப்படித் தயாரிப்பாளர்களின் தர எண்கள் அங்கே வரிசையாக இருக்கும். உங்கள் கையேட்டிலுள்ள எண்ணோ அதற்கு அடுத்து வந்த எண்ணோ இருக்க வேண்டும். எந்தத் தர எண்ணும் இல்லாமல் "எல்லா டிராக்டருக்கும் ஏற்றது" என்று மட்டும் எழுதிய பக்கெட்டை நம்ப வேண்டாம்.

அமெரிக்காவில் இதற்கு ஒரு கதையே உண்டு. ஜான் டியர் கம்பெனி ஒரு காலத்தில் '303' என்ற டிராக்டர் ஆயிலை விற்றது. அதில் ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெய் ஒரு சேர்மானம். 1970-ல் அந்தத் திமிங்கிலம் அழியும் நிலை உயிரினமாக அறிவிக்கப்பட்டபின் அந்தக் கலவைக்கு வழி அடைபட்டது. 303 தரமும் வழக்கொழிந்தது. ஆனால் பெயர் மட்டும் சாகவில்லை. அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகளுக்கு, யாருடைய தரத்துக்கும் கட்டுப்படாத மலிவான ஆயில்கள் '303' என்ற பெயரில் பக்கெட் பக்கெட்டாக விற்றன. டிராக்டர்கள் கெட்டன, வழக்குகள் நடந்தன, மிசௌரி போன்ற மாநிலங்கள் விற்பனையையே தடை செய்தன. பெயரைப் பார்த்து வாங்கினால் இதுதான் கதி.

சரி, எதை வாங்குவது?

பொது ஆயில், உலர் பிரேக் உள்ள பெர்குசன் வகை வண்டியை எடுத்துக்கொள்வோம். இங்கே ஒரே ஆயில் இரண்டு எஜமானர்களுக்கு வேலை செய்கிறது. கியருக்குத் தடிமன் வேண்டும். பம்புக்கு ஆயில் சுலபமாக ஓடி வர வேண்டும். அதிலும் பெர்குசன் பம்பில் கட்டுப்பாட்டு வால்வு இருப்பது உறிஞ்சும் பக்கத்தில். தடித்த ஆயில் அந்தச் சின்ன வழியில் திணறினால் பம்ப் வெறும் வெற்றிடத்தை இழுக்கும். லிஃப்ட் காலையில் சோம்பலாகத் தூக்கும், உதறும், பம்ப் கூவும். அதனால் 140-ஐ இந்த வண்டிகளில் ஊற்றக் கூடாது. "கியர் சத்தம் குறையும்" என்று பட்டறையில் சொல்வது உண்மைதான். தேய்ந்த கியரின் சத்தத்தைத் தடித்த ஆயில் அமுக்கும். தேய்மானம் அப்படியே இருக்கும், கூடவே பம்பும் கெடும். பழைய வண்டியை விற்க நினைப்பவர்கள் 140 ஊற்றுவதற்குக் காரணம் இந்தச் சத்தம்தான் என்பதை வாங்குகிறவர் மனதில் வைத்துக்கொள்ளட்டும்.

எதிர்ப்பக்கம், 68 ஹைட்ராலிக் ஆயில். லிஃப்ட் வேகமாகத்தான் தூக்கும். ஆனால் அதில் இருப்பது பம்பின் தேய்மானத்தைக் குறைக்கும் மருந்து. கியர் பற்களின் அழுத்தத்தைத் தாங்கும் மருந்து அல்ல. மூன்று கொத்துக் கலப்பையை இழுத்துக்கொண்டு சித்திரை வெயிலில் உழும்போது பினியனுக்கும் கிரவுனுக்கும் நடுவில் அந்த மெல்லிய படலம் நிற்காது. 68 என்பது தனி ஹைட்ராலிக் தொட்டி உள்ள வண்டிக்கு, அதுவும் கையேடு அதைச் சொன்னால் மட்டும்.

மிச்சம் இருப்பவை இரண்டு: ஜி.எல்-4 தரத்தில் 80டபிள்யூ-90, அல்லது யு.டி.டி.ஓ. இரண்டுமே ஓடும். கையேடு இவற்றில் ஒன்றைக் குறிப்பிட்டுச் சொன்னால் அதோடு பேச்சு முடிந்தது. சொல்லாவிட்டாலோ, கையேட்டில் இருப்பது இன்று கிடைக்காத பெயராக இருந்தாலோ, வண்டியின் வேலையையும் உடம்பையும் பார்த்து முடிவு செய்யலாம். டிப்பர் டிரெய்லர், லோடர் என்று ஹைட்ராலிக் வேலை அதிகம் என்றால் யு.டி.டி.ஓ. அதில் நுரை அடக்கும் மருந்து நன்றாக இருக்கும், ஆயில் வேகமாகத் திரும்பி வரும். உழவும் இழுவையும்தான் முக்கியம், வண்டி ஓரளவு தேய்ந்தது, சீல்கள் பழையவை என்றால் 80டபிள்யூ-90. என்னைக் கேட்டால், நம் வெயிலில் வயலில் மட்டும் ஓடும் டி.இ.20, 35 வகைகளுக்கு 80டபிள்யூ-90 ஜி.எல்-4 என்பேன். விலையும் பொதுவாகக் குறைவு. ஏறக்குறைய முப்பது லிட்டர் பிடிக்கும் வண்டிக்கு அது சின்ன விஷயமில்லை.

வெகுகாலம் தடித்த ஆயிலில் ஓடிய வண்டிக்குத் திடீரென்று யு.டி.டி.ஓ. ஊற்றினால், அதுவரை கசியாத இடமெல்லாம் கசியத் தொடங்கும். ஆயில் சீலைத் தின்றுவிட்டது என்று ஆயிலைத் திட்டுவார்கள். சீல் முன்பே கல்லாகிப் போயிருக்கும். தடித்த ஆயில் அதை மறைத்து வைத்திருந்தது, அவ்வளவுதான். பின் ஆக்ஸில் சீல் கசிந்தால் ஆயில் நேராகப் பிரேக் டிரம்முக்குள் போகும் என்பதால் இதை அலட்சியமாக விடக் கூடாது.

ஃபோர்டு 3000, 3600 வகையில் கியர்பாக்ஸுக்கு 80 அல்லது 80டபிள்யூ-90 ஜி.எல்-4, கிரவுன், ஹைட்ராலிக் பக்கம் எம்2சி134 தரத்து யு.டி.டி.ஓ. இரண்டையும் இடம் மாற்றி ஊற்றிவிடாமல் இருக்க, வாங்கியதுமே கேன்களின் மேல் பெயிண்டால் எழுதி வையுங்கள்.

மாற்றும் முன் உள்ளே இருப்பதைப் படியுங்கள்

லிஃப்ட் கைகளைக் கீழே இறக்கிவிட்டு, வண்டியைச் சமதளத்தில் ஓர் இரவு நிறுத்துங்கள். காலையில் கிளப்பாமல் டிரெயின் பிளக்கை லேசாகத் தளர்த்தினால் அடியில் தங்கியது முதலில் வரும். தெளிந்த தண்ணீர் வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. டிப் ஸ்டிக்கில் ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்து கடைந்திருக்கிறது. சந்தேகமாக இருந்தால் அடுப்பில் சுட வைத்த தோசைக்கல் போன்ற பழைய இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். படபடவென்று வெடித்தால் தண்ணீர்தான். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் எப்படிப் போகும்? கேஜ் வீல் மாட்டி நெல் வயலில் சேற்றுழவு அடிக்கும் வண்டிகளுக்கு இது வழக்கமான நோய். சேறு ஆக்ஸில் மட்டம் வரை ஏறும், பி.டி.ஓ. தண்டின் சீலும் பின் ஆக்ஸில் சீலும் தளர்ந்திருந்தால் உள்ளே இழுத்துவிடும். இன்னொரு வழி கியர் லீவரின் அடியிலுள்ள ரப்பர் பூட். அது கிழிந்து கிடந்தால் மழையும் வாட்டர் சர்வீஸின் பீச்சலும் நேரே கியர்பாக்ஸுக்குள். மிகச் சிறிய ரப்பர் துண்டு; அதை மாற்றாமல் முப்பது லிட்டர் ஆயிலை மாற்றுவதில் அர்த்தமில்லை.

பிளக்கில் காந்தம் இருந்தால் அதில் ஒட்டியிருப்பதை விரலில் தேய்த்துப் பாருங்கள். சாம்பல் நிறக் களிம்பு சாதாரணம். செதில், ஊசி, துண்டு என்று விரலில் குத்துகிற எதுவும் சாதாரணம் அல்ல. காந்தத்தில் ஒட்டாமல் பொன் நிறத்தில் மினுக்கும் பொடி வந்தால் ஏதோ ஒரு வெண்கலப் பாகம் தேய்கிறது. அப்போது புது ஆயில் வாங்குவதைத் தள்ளிவைத்து மெக்கானிக்கைக் கூப்பிடுவதுதான் முறை.

கிளட்ச் கூட்டின் அடியிலுள்ள சிறு துளையில் ஆயில் சொட்டினால், முகர்ந்து பாருங்கள். கந்தக வாடை என்றால் கியர்பாக்ஸின் முன் சீல். இல்லாவிட்டால் பெரும்பாலும் இன்ஜினின் பின் சீல். வண்டியை இரண்டாகப் பிரிக்க வேண்டிய வேலை இரண்டுமே. எதுவென்று முன்பே தெரிந்தால் எந்தச் சீலை வாங்கி வைப்பது என்பதாவது தெரியும்.

மாற்றும் வேலை

வண்டியை அரை மணி நேரமாவது வேலை வாங்கி ஆயிலைச் சூடேற்றுங்கள். லிஃப்டில் இருப்பதைக் கழற்றி, கைகளை முழுக்க இறக்குங்கள். சிலிண்டரில் நிற்கும் ஆயில் அப்போதுதான் திரும்பி வரும். முப்பது லிட்டருக்கு மேல் பிடிக்கும் பாத்திரங்கள் தயாரா என்று பார்த்துவிட்டு எல்லாப் பிளக்குகளையும் திறங்கள். ஒரு பிளக்கை மட்டும் திறந்துவிட்டு முடிந்தது என்று மூடுகிறவர்கள் அதிகம். பழைய ஆயிலில் கணிசமான பங்கு உள்ளேயே தங்கிவிடும். அவசரம் இல்லை என்றால் இரவு முழுக்க வடியட்டும்.

உள்ளே மோராகிப் போயிருந்தால் கழுவ வேண்டும். டீசல் ஊற்றிக் கழுவுவது பரவலான வழக்கம். செய்யலாம், ஆனால் டீசலோடு வண்டியை வயலுக்கு ஓட்டுவது, லிஃப்டில் சுமை தூக்குவது இரண்டும் கூடாது. சில நிமிடம் சும்மா சுழலவிட்டு உடனே வடித்துவிட வேண்டும். தங்கிப்போகும் டீசல் புது ஆயிலை இளக்கும். அதைவிட நல்லது, விலை குறைந்த மெல்லிய ஆயிலை ஊற்றிக் கொஞ்சம் ஓட்டி வடிப்பது. அதைவிடவும் நல்லது, நடுக்கூட்டின் பக்க மூடியைக் கழற்றி அடியில் படிந்த சகதியைத் துணியால் துடைத்து எடுப்பது. பஞ்சு விடாத துணியாக இருக்கட்டும். நூல் பிசிறு போய் அடைக்கும் முதல் இடம் பம்பின் சல்லடைதான். மூடி திறந்திருக்கும்போது அந்தச் சல்லடையையும் சுத்தம் செய்துவிட்டால் வேலை முடிந்தது. மூடிக்குப் புதுப் பேக்கிங் வாங்கி வைத்துவிட்டுத் திறங்கள்.

நிரப்பும்போது பொறுமை வேண்டும். ஆயில் கியர்பாக்ஸிலிருந்து பின்னுக்கு மெல்லத்தான் நகரும். கையேட்டில் சொன்ன அளவில் முக்கால் பங்கை ஊற்றிவிட்டுக் காத்திருந்து டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். பிறகு வண்டியைக் கிளப்பி, லிஃப்டைப் பலமுறை ஏற்றி இறக்குங்கள். டி.இ.20-ல் பி.டி.ஓ. லீவரைப் போடாவிட்டால் பம்பே சுற்றாது என்பதை நினைவில் வையுங்கள். புது ஆயில் ஊற்றியபின் லிஃப்ட் வேலை செய்யவில்லை என்று பதறுவதற்கு முன் அந்த லீவரைப் பாருங்கள். பிறகு கைகளை இறக்கி, இன்ஜினை நிறுத்தி, சற்றுப் பொறுத்து மறுபடி அளந்து மீதியை நிரப்புங்கள். மேல் கோட்டைத் தாண்ட வேண்டாம். அதிகமான ஆயில் சூட்டில் சீல்களைத் தள்ளிக்கொண்டு வெளியேறப் பார்க்கும்.

ஊற்றியபின் கவனிக்க

முதல் சில நாள் வேலையில் மூன்று விஷயங்களைப் பாருங்கள். டிப் ஸ்டிக்கில் நுரை: ஆயில் குறைவு, அல்லது பம்ப் எங்கோ காற்றை இழுக்கிறது, அல்லது ஒத்துப்போகாத இரண்டு ஆயில்கள் கலந்திருக்கின்றன. லிஃப்ட் உதறல்: ஆயில் மட்டம் சரியாக இருந்தால் சல்லடை, அதற்கு அப்புறம்தான் வால்வு. இன்ஜினை நிறுத்தியதும் கலப்பை மெல்ல இறங்குவது பழைய வண்டியில் ஓரளவு இயல்பே. கண்ணெதிரில் தொப்பென்று இறங்கினால் சிலிண்டர் ரிங்கைச் சந்தேகப்படலாம். அதற்குத் தடித்த ஆயில் மருந்தல்ல.

பலரும் யோசிக்காத ஒன்று டிப்பர் டிரெய்லர். தூக்கும்போது டிராக்டரின் ஆயில் டிரெய்லர் சிலிண்டருக்குப் போகிறது. இறக்கும்போது திரும்பி வருகிறது. இரவல் வாங்கிய டிரெய்லர் என்றால் திரும்பி வருவது அதற்கு முன் அதை மாட்டிய வண்டியின் ஆயில். அதிலிருக்கும் தண்ணீரும் அழுக்கும் உங்கள் பம்புக்கு வரும். சொந்த டிரெய்லர் இருந்தால் டிராக்டர் ஆயிலை மாற்றும்போது அதன் சிலிண்டரையும் ஹோஸையும் சேர்த்து வடித்துவிடுங்கள். இரவல் கொடுத்து வாங்குகிற ஊர் என்றால் ஹோஸ் முனையையாவது துடைத்து மாட்டுங்கள். டிரெய்லரைத் தூக்கியபடியே ஆயில் மட்டத்தைப் பார்த்துவிட்டுக் குறைகிறதே என்று மேலும் ஊற்றாதீர்கள்.

பழைய வண்டிகளில் மணிக்கணக்கு மீட்டர் ஓடுவது அபூர்வம். கையேடு சொல்லும் மணிக்கணக்கைப் பருவக் கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். கழுவி மாற்றிய முதல் ஆயிலை மட்டும் வழக்கத்தைவிடச் சீக்கிரம், ஒரு பருவ உழவு முடிந்ததுமே மாற்றுவது நல்லது. பல வருடமாக ஒட்டியிருந்த கசடு அதில் கரைந்து வந்திருக்கும். சேற்றுழவுக்குப் போகும் வண்டி என்றால் நடவு முடிந்த கையோடு பிளக்கைத் தளர்த்தித் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வடித்த பழைய ஆயிலை வாய்க்காலிலோ வரப்பிலோ ஊற்றாமல் கேனில் அடைத்து வைத்தால், பழைய ஆயில் எடுக்கிறவர்களிடம் கொடுத்துவிடலாம்.